திண்ணைகளை இடிக்கும் தீர்மானம்: எங்கள் பேரூராட்சி மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்:

சென்ற மாதத்து மன்றக் கூட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருக்கிறீர்கள். ஊரின் கிழக்கு எல்லையில் ‘பாரம்பரியப் பேரூர் தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்ற வாசகத்தோடு ஒரு கான்கிரீட் வளைவு கட்டுவது முதல் தீர்மானம். சன்னதித் தெரு, மேலரத வீதி, நெசவாளர் தெரு ஆகிய மூன்று தெருக்களிலும் வீட்டு வாசல்களில் உள்ள திண்ணைகளையும் படிகளையும் ஆக்கிரமிப்பெனக் கொண்டு அகற்றிவிட்டு, மூடிய வடிகாலும் சிமெண்டுச் சாலையும் அமைப்பது இரண்டாவது. எதைப் பார்க்க வாருங்கள் என்று வளைவு கட்டி அழைக்கிறீர்களோ, அதையே இடிக்கும் தீர்மானம் அதே கூட்டத்தில், அரை மணி நேரத்துக்குள், ஒரு கேள்விகூட எழாமல் நிறைவேறியிருக்கிறது. மறு வாரமே, பதினைந்து நாள் கெடு வைத்த அறிவிப்பு எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் ஒட்டப்பட்டது. மூன்று தலைமுறையாக எண்ணெய் குடித்த தேக்குத் தூணில் மைதாப் பசையைப் பூசி ஒட்டியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆயிற்று. இந்த மடலை எழுதும் எண்ணம் அந்தப் பொழுதில்தான் உறுதிப்பட்டது.

ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மன்றத்தாரை வெளியூரார் முன் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று என்பது ஒரு காரணம். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் இரு கரைகளிலும் இதே கதையைச் சொல்லக்கூடிய ஊர்கள் பல உண்டு என்பது மற்றொன்று. நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சங்கிலியும் குறுக்குக்கட்டையுமாக அலைந்து ஓய்வு பெற்றவன். ஆகவே பழமையின் பெருமையை உருக்கமாக எழுதுவதைவிட, அளந்து பார்த்ததை எழுதுவதே எனக்கு இயல்பு.

எங்கள் வீட்டு வாசலில் நான்கு கருங்கற்படிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம். 1974 இல் என் அக்காளின் திருமணத்தன்று எடுத்த நிழற்படத்தில் நான்கு படிகளும் தெளிவாகத் தெரிகின்றன. அன்று தெருவிலிருந்து திண்ணை இருபத்தெட்டு அங்குலம் உயர்ந்திருந்தது. சென்ற வாரம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயை வைத்து அளந்தேன்: பதினோரு அங்குலம். வீடு இறங்கவில்லை, அதன் கடைக்கால் பாறைமேல் நிற்கிறது. கப்பிச் சாலைமேல் தார், தார்மேல் மீண்டும் தார், அதன்மேல் சிமெண்டு, அதற்கும் மேல் பேவர் பிளாக் என்று ஐம்பது ஆண்டுகளில் தெருதான் பதினேழு அங்குலம் ஏறியிருக்கிறது. எங்கள் வாசற்படிகளில் ஏறத்தாழ இரண்டரை, சாலைக்குள் புதைந்து கிடக்கின்றன. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அறிவிப்பில் படித்தபோது, யார் யாரை ஆக்கிரமித்தார்கள் என்ற ஐயம் எனக்கு எழுந்ததைத் தவறாகக் கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதினேழு அங்குலம் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படித் தண்ணீரை வெளியேற்றுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு அது சிறிதாகத் தோன்றாது. நடை, தார்சா என்னும் முன்கூடம், பட்டாசல் என்னும் உட்கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளவாக்கில் போகும் இந்த வீடுகளில் முற்றமே நுரையீரல். அங்கே விழும் மழைநீர், நடையின் ஓரமாகத் தரைக்கடியில் செல்லும் கல் தூம்பு வழியாக வெளியேறித் தெரு ஓடையில் விழவேண்டும். அதற்காகவே முற்றத்தின் தரையைத் தெருவைவிட ஒன்றரைச் சாண் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். இன்று அந்தத் தரை தெருவைவிட மூன்றரை அங்குலம் தாழ்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களில், எங்கள் பகுதிக்குள் ஆறு வரவில்லை; தெரு வந்தது. வெளியேற வேண்டிய தூம்பின் வழியாகவே தெருத்தண்ணீர் சாக்கடையோடு கலந்து உள்ளே ஏறி முற்றத்தை நிரப்பிற்று. எண்பத்தாறு வயதான என் தாயார் இரண்டு இரவுகள் பட்டாசலில் கட்டிலின்மேல் கால்களை மடக்கியபடி உட்கார்ந்திருந்தார். நெசவாளர் தெருவில் நிலைமை இதைவிடக் கொடுமை. அங்கே குழித்தறிகள், தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பது. முழங்கால் அளவு சேறு நிறைந்த குழிகளிலிருந்து மிதிபலகைகளை எடுத்து வாசலில் காயவைத்திருந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அந்தத் தெருவில் இரண்டு வீட்டார் அதன்பின் தறியில் நெய்யவே இல்லை.

இதன் தொடர்ச்சியாக நடப்பதைத்தான் மன்றத்தார் கருத்தில் கொள்ளவேண்டும். முற்றத்தில் தண்ணீர் நிற்பதால் வீட்டுக்காரர் மண் கொட்டி முற்றத்தை உயர்த்துகிறார். அதுவும் போதாமல் மேலே கான்கிரீட் போட்டு மூடுகிறார். காற்றும் வெளிச்சமும் போகின்றன. சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறுகிறது. பகலிலும் விளக்கு எரியவேண்டிய வீட்டில் இருக்க விருப்பமின்றிப் பிள்ளைகள் பாளையங்கோட்டைக்கு வெளியே புது மனைப்பிரிவில் குடியேறுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டை மரத்துக்காக வாங்கிப் பிரிக்க ஆள் வருகிறது. பழைய வீடு வசதிக்கு ஒவ்வாதது என்று நாம் எல்லோரும் முடிவு கட்டுகிறோம். சாலை போட்டவர் மட்டம் பார்க்காமல் போட்ட ஒரு தவற்றிலிருந்து இவ்வளவும் புறப்பட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அதே மட்டத்தில் புதிய சாலை போடவேண்டும், வீடுகள் தாழ்ந்துபோக விடக்கூடாது என்று 2021 இல் மாநிலத் தலைமைச் செயலரே அறிவுறுத்தியிருக்கிறார். அதற்குப் பின்னரும் எங்கள் தெருவில் பழைய சிமெண்டின்மேல் பேவர் பிளாக் பதித்தார்கள்.

இனி, திண்ணை ஆக்கிரமிப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். நத்தம் எனப்படும் குடியிருப்பு நிலங்களை அளந்து பட்டா வழங்கிய நத்தம் நிலவரித் திட்டத்தின்போது எங்கள் தெருவை அளந்தவர்கள் என் துறைக்காரர்கள். எங்கள் வீட்டுக்கான தூய பட்டாவில், அதாவது இறுதிப் பட்டாவில், உள்ள முகப்பு அளவைத் திண்ணையின் வெளிவிளிம்பு வரை வைத்தால்தான் பரப்பு ஒத்துவருகிறது. சுவர் வரை வைத்தால் ஒத்துவருவதில்லை. என் தெருவில் மேலும் பதினோரு வீடுகளின் பட்டாவை உரியவர்களின் இசைவோடு பார்த்தேன். ஒன்பது வீடுகளில் இதே நிலை. இரண்டு வீடுகளில் திண்ணை பிற்காலத்தில் தெருப்பக்கம் நீட்டப்பட்டிருப்பது உண்மை. அவற்றில் ஒன்று என் நெருங்கிய உறவினருடையது. அதை அவரிடமே சொல்லிவிட்டேன், அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஒவ்வொரு வீட்டையும் அளந்து, மீறியதை மீறல் என்று சொல்வதில் எவருக்கும் மறுப்பிருக்க இயலாது. அளக்காமலேயே மூன்று தெருக்களையும் ஒரே கோட்டில் வெட்டுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

திண்ணையை மட்டும் தனியே எடுத்துவிட முடியும் என்றும் தீர்மானம் கருதுவதுபோல் தெரிகிறது. திண்ணைத் தூண்கள் தாங்கும் உத்தரத்தின்மேல்தான் முன்தாழ்வாரத்தின் கைமரங்கள் ஊன்றியிருக்கின்றன. திண்ணை போனால் தூண் போகும், தூண் போனால் கூரை இறங்கும். அதன்பின் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பிய முகப்புச் சுவர் கார்த்திகை மழையில் நேரே நனையும். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இடையில் இருப்பது பொதுச்சுவர் ஆகையால், ஒரு வீட்டின் முன்கட்டு சரிந்தால் அடுத்த வீட்டுக்காரரும் அச்சத்தோடுதான் உறங்கவேண்டும்.

ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழைய வழியில்லை என்பது உங்கள் தரப்பு வாதம் என்று அறிகிறேன். அதை நான் எள்ளளவும் அலட்சியமாகக் கருதவில்லை. என் தாயாருக்கு மூச்சுத் திணறல் வந்த ஓர் இரவில், வண்டி மேலரத வீதி முனையிலேயே நின்றுவிட, அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்றவன் நான். ஆனால் அன்று வழியை மறித்தவை இருபுறமும் நிறுத்தியிருந்த கார்கள். சன்னதித் தெருவில் திண்ணைக்கும் திண்ணைக்கும் இடையே இருபத்திரண்டு அடி இருக்கிறது. இருபுறமும் கார் நின்றால் பத்தடிகூடத் தேறாது. நெசவாளர் தெருவில் பதின்மூன்றடிதான் என்பது உண்மையே. அங்கேயும் மூன்றடி உள்தள்ளி நிற்கும் மின்கம்பங்களைச் சுவரோரம் நகர்த்தினால் வண்டி போய்விடும். கார் வைத்திருப்பவர்களில் பலர் திண்ணை வைத்திருப்பவர்களே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் கார்களை எடுக்கச் சொல்லும் ஊர், நோயாளிக்காக எடுக்கச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த மடல் நேர்மையற்றதாகிவிடும். இந்தத் தெருக்களின் பழமை முழுவதும் பெருமை அன்று. யார் இங்கே செருப்பணிந்து நடக்கலாம், யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருமுனையோடு நின்றுவிடவேண்டும் என்று வகுத்திருந்த காலத்தை என் தந்தையார் தலைமுறை நேரில் கண்டது; அதை நடத்தியவர்களில் என் முன்னோரும் உண்டு. இன்று அந்தத் திண்ணைகளில் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், முறுக்குக் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறும் அம்மாளும், வெயில் தாழும்வரை உட்கார்ந்திருக்கும் அஞ்சல்காரரும் எந்தத் தெருவினர் என்று எவரும் கேட்பதில்லை. எல்லோரும் உட்காரலாம் என்றான பின்னர் அவற்றை இடிப்பது எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது.

பழைய வீட்டில் இக்காலத்து வசதியோடு வாழ முடியாது என்ற கருத்து மன்றத்தில் வலுவாக இருப்பதால், என் வீட்டு அனுபவத்தைச் சற்று விரித்து எழுதுகிறேன். இரண்டாம் கட்டில் முன்பு நெல் போட்டு வைத்த அறையை, கைப்பிடியும் வழுக்காத தரையும் கொண்ட குளியலறையாகவும் மேற்கத்தியக் கழிப்பறையாகவும் மாற்றினோம். அதன் குழாய்கள் எல்லாம் புறவாசல் பக்கமே போகின்றன, தெருச்சுவரை எவரும் தொடவில்லை. மின்கம்பிகளைச் சுவரை வெட்டாமல் உத்தரத்தின் ஓரமாகக் கொண்டுபோனோம். மட்டப்பா எனப்படும் மொட்டைமாடியின்மேல் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. வாசற்படியில் தாயாரின் சக்கர நாற்காலிக்கென எடுத்து வைக்கக்கூடிய மரச்சாய்வு ஒன்று செய்துகொண்டோம். பேத்தி விடுமுறையில் வந்தால் தார்சாவில் அமர்ந்து மடிக்கணினியில் தன் அலுவலக வேலையைப் பார்க்கிறாள். இணையத் தொடர்பு அவளுடைய பெங்களூர் விடுதியைவிடத் தடையின்றி வருகிறது என்பது அவளே சொன்னது. சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்குத் தார்சாவில் வெப்பமானி 31 காட்டியபோது, எதிர்வீட்டுப் புதிய மாடியறையில் 37 காட்டிற்று. அந்த வீட்டு நண்பர் கோடைப் பகல்களில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், தம் வீட்டில் குளிரூட்டி இருந்தும்.

தவறுகளும் செய்திருக்கிறேன். 1998 இல் ஓதம் ஏறிய முகப்புச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசினேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு அதை அடைத்துவிடும். மூன்றே மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, உள்ளே செங்கல்லும் அரித்திருந்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரைத் தேடிப்பிடித்து, மீண்டும் பூசவேண்டியதாயிற்று. அவருடன் வேலை செய்ய வந்த இளைஞர்கள் இருவர் இன்று இதே வேலைக்கு வெளியூர்களிலிருந்து அழைக்கப்படுகிறார்கள். கைத்தொழிலும் கட்டடத்தோடு சேர்ந்தே பிழைக்கிறது.

பயன்பாட்டை விட்டு எடுத்துத் தனியே வைத்தால்தான் பழமை நிலைக்கும் என்பதை நம் நெல்லைச் சீமையே பொய்யாக்கியிருக்கிறது. சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டி 1843 இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாகத்தான் இன்றும் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பேருந்துகள் ஓடுகின்றன. தாமிரபரணியின் அணைக்கட்டுகளில் பழையவை பல நூற்றாண்டுகளாக இன்னும் வயலுக்குத் தண்ணீர் திருப்புகின்றன. புதுச்சேரி வைசியாள் வீதியில் குடியிருப்போரை வெளியேற்றாமலேயே தெருவின் தமிழ் முகப்புகளைத் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் சீர்செய்தார்கள். அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2008 இல் கிடைத்தது. அதற்காகக் குடியிருப்பவரை மறந்து சுற்றுலாவை மட்டும் எண்ணவும் கூடாது. அதே 2008 இல் உலக மரபுச் சின்னமான பினாங்கு ஜார்ஜ் டவுனில், கட்டடங்கள் நின்றன. வாடகை ஏறியதால் அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. எங்கள் தெரு அப்படி ஆவதையும் நான் விரும்பவில்லை. அதனால்தான் உங்கள் வளைவின்மேல் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982 இல் களவுபோன நடராசர் திருமேனி, 2019 இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து திரும்பியது. படமும் வழக்கும் ஆவணமும் இருந்ததால் அது திரும்ப முடிந்தது. எங்கள் தெருவில் சென்ற ஆறு ஆண்டுகளில் லாரி ஏறிப்போன தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் அழிக் கம்பித் தடுப்புகளுக்கும் அப்படி ஒரு பதிவும் இல்லை. தொன்மைச் சின்னங்களுக்கான மத்தியச் சட்டம், அது பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. எங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இல்லாததால் தெருவுக்கு அந்த நிழலும் இல்லை. இத்தகைய, எந்தப் பட்டியலிலும் சேராத கட்டடங்களுக்காகத்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2012 இல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. ஊரிலிருந்து ஒரு பட்டியல்கூடப் போகாவிட்டால் எந்தச் சட்டமும் எங்கள் தெருவுக்கு வந்து சேராது.

ஆகவே, மன்றத்தாரிடம் நான் கேட்பவை இவை. திண்ணைகளை அகற்றும் தீர்மானத்தையும் அதன்படி ஒட்டப்பட்ட அறிவிப்புகளையும் அடுத்த கூட்டத்திலேயே நிறுத்திவையுங்கள். மூன்று தெருக்களிலும் வீடு வீடாக, உரிமையாளர் முன்னிலையில், நத்தம் பதிவேட்டின்படி அளந்து, அளவைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் வெளியிடுங்கள். மீறலென்று தெரிந்தால் மீறிய பகுதிக்கு மட்டும், சாய்வோ படியோ மாற்றிக் கட்ட அவகாசம் கொடுத்து, அறிவிப்பு அனுப்புங்கள். அளவுப் பணிக்கு ஊதியமின்றி உடன்வர நான் அணியமாயிருக்கிறேன். என்மேல் நம்பிக்கையில்லையெனில் வேறொரு நில அளவரை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது தெருவின் மட்டம். வரும் ஐப்பசிக்குள், புதிதாக எதையும் பதிப்பதற்கு முன், பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்துத் தெருவைக் குறைந்தது பதினைந்து அங்குலமாவது இறக்குங்கள். நெசவாளர் தெருவில் தொடங்குங்கள். எங்கள் சன்னதித் தெரு அதற்குப் பின் வரட்டும். புதிய வடிகாலின் அடிமட்டத்தை, அந்தந்த வீட்டு முற்றத் தூம்பின் வாயை அளந்து அதற்குக் கீழே வையுங்கள். ஒப்பந்தப் புள்ளியிலேயே இந்த அளவை எழுதுங்கள், இல்லையேல் ஒப்பந்தக்காரர் வழக்கம்போல் மேலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவருக்குச் சொத்துவரியில் சலுகை அளிக்க மன்றத்துக்கு எந்த அளவு இடமிருக்கிறதோ அந்த அளவுக்கு அளிக்குமாறும், இடமில்லையெனில் அதற்கான பரிந்துரையை அரசுக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று தெருக்களிலும் எஞ்சியுள்ள வீடுகளை நிழற்படம் எடுத்துப் பட்டியலிட்டு, உரிமையாளர் இசைந்தவற்றைப் பாரம்பரிய ஆணையச் சட்டத்தின் கீழ்ப் பரிசீலிக்க அனுப்புங்கள். கார்களுக்குப் பழைய சந்தைத் திடலை ஒதுக்குங்கள். மின்கம்பங்களை நகர்த்தக் கோரி மின்வாரியத்துக்கு மன்றத்தின் சார்பில் எழுதுங்கள். வரவேற்பு வளைவுக்கு ஒதுக்கிய தொகையை நெசவாளர் தெருவின் வடிகாலுக்கு மாற்றுங்கள்.

அறிவிப்பின் கெடு முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதற்குள் உறுப்பினர்களில் எவரேனும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்று, தெருவின் மட்டம் தம் காலுக்கு மேலே எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீர்க்குழாயும் அளவுநாடாவும் திண்ணையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
சன்னதித் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்